திறந்து பார்க்காமல் எழுதாத ஆவுடை

டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்தைத் தேடி வண்ணார்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். சீக்கிரம் வரச் சொல்லி அனுப்பிய மச்சினன் போனில் அழைத்து, “அத்தான், பைய வாங்க” என்றான். இனி அவசரமில்லை என்று புரிந்தது. மருந்து கையில் இருந்தது. காய்ச்சலில் படுத்த என் மனைவி ஆவுடை போய்விட்டாள்.

நம் ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவள் வேலை தெரியும். அதை அவள் என் அம்மாவுக்கு விளக்கிய விதம் உங்களுக்குத் தெரியாது. செல்லுக்குள் சேதி புரதம் புரதமாகக் கைமாறிப் போகிறது. நடுவில் ஒன்றை மட்டும் மருந்தால் முடக்கினால், எது நிற்கிறதோ அதுதான் அந்தப் புரதத்தின் வேலை. தெருக் குழாய் வால்வை அடைத்து, எந்த வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று பார்ப்பது போல என்றாள்.

“இதுக்காட்டியா இம்புட்டுப் படிச்ச?” என்றாள் அம்மா.

“வால்வ அடைச்சா நீங்க சண்டைக்குப் போவிய, அத்தை. செல்லு சண்டைக்கு வராதே. நாமதான் தெறந்து பாக்கணும். தெறந்தும் தண்ணி வரலைன்னா, நாம அடைக்கல, ஒடைச்சிருக்கோம்.”

மருந்தைக் கழுவி எடுத்து, செல் பழையபடி ஆகிறதா என்று பார்க்காமல் அவள் ஒரு வரி எழுதியதில்லை. சினிமாவுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போன அன்றும் என்னைப் பக்கத்து ஸ்டூலில் காத்திருக்க வைத்துவிட்டாள். நான் முணுமுணுத்தபோது திரும்பாமலே சொன்னாள்: “செத்த செல்லுலயும் சேதி நிக்கத்தான் செய்யும். அதப் போயி கண்டுபிடிப்புன்னு எழுதுவியளோ?”

செல்களின் நகர்வை ஒரு புரதம்தான் நடத்துகிறதா என்பதைத்தான் அவள் கடைசியாகச் சோதித்துக்கொண்டிருந்தாள். மருந்து கொடுத்ததும் நகர்வு நின்றது. கழுவிப் பார்ப்பது மட்டும் பாக்கி. அதற்குள் படுத்துவிட்டாள். பதினாறு கழிந்ததும், இருப்பதை அப்படியே அவள் நினைவாக வெளியிடலாம் என்றீர்கள். பிரியத்தில்தான் சொன்னீர்கள்.

அவள் உறையவைத்த செல் குப்பிகளில் ஒன்றை எடுத்தேன். மூடியில் அவள் கையெழுத்து. செல்களை வளர்த்து, மருந்து கொடுத்து, கழுவிவிட்டுக் காத்திருந்தேன். மருந்து படாத தட்டில் செல்கள் நகர்ந்தன. கழுவிய தட்டில் ஒன்றும் அசையவில்லை. திரும்பவும் செய்தேன். அதேதான். மருந்து அந்தப் புரதத்தை மட்டும் முடக்கவில்லை, செல்லையே கொன்றிருக்கிறது.

நம் பேராசிரியரிடம் சொன்னேன். “அவ பேராவது நிக்கட்டுமேப்பா” என்றார்.

“அவ பேரு இருக்கதுனாலதான் வேண்டாம் சார்.”

கட்டுரை வராது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கழுவிய பிறகு காத்திருக்கும் அந்த நேரத்தைத்தான். இப்போது வேறு மருந்து, வேறு புரதம். சில நாள், கழுவிய செல்கள் மறுபடி நகரத் தொடங்குகின்றன. அவளிடம் சொல்வதற்காகப் பக்கத்து ஸ்டூல் பக்கம் திரும்பிவிடுகிறேன்.