தலைவரின் ஆசியுடன் ஒரு செவலை நாய்

சோறு போட்டால் தெரு வாயை மூடிக்கொள்ளும் என்று நான் நம்பினேன். ஐம்பத்தோரு வயசாகி, பெரம்பலூரில் ஃபிளக்ஸ் பேனர் கடை வைத்துப் பிழைக்கிறவன் இப்படியெல்லாம் நம்பலாமா என்று கேட்காதீர்கள். நம்பினேன். அதுவும் கல்யாணச் சோறோ காதுகுத்துச் சோறோ இல்லை, எங்கள் வீட்டு நாயின் முதல் பிறந்தநாள் சோறு. ஒரு தட்டு தக்காளி சாதமும் ஒரு துண்டு கேக்கும் உள்ளே போய்விட்டால், அந்த நாயைத் தெருவை விட்டு விரட்டச் சொல்லும் மனுவில் கையெழுத்துப் போட யாருக்கும் கை வராது. இதுதான் என் திட்டம். திட்டம் முழுக்கவே இவ்வளவுதான்.

மனு நிஜம். எங்கள் தெருவில் பதினான்கு வீடு. நடுநடுவே காலி மனை, முள்ளுச்செடி. தெருவுக்கு ஒரு குடியிருப்போர் சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர். தலைவர் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்தவர், ரிட்டயர் ஆனதும் தெருவில் குப்பை போடுகிறவனைப் பிடிக்க ஆரம்பித்தார். அப்படிப்பட்டவரின் வேட்டி முனையை எங்கள் நாய் பிடித்தது. கடிக்கவில்லை. பிடித்துக்கொண்டு கூடவே நடந்தது. பால் வாங்கப் போன மனிதர், ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் இடுப்பு வேட்டி, பின்னால் நாய் என்று ஐந்து வீடு தூரம் போனதைத் தெருவே பார்த்தது. சிரித்தது தெரு. குற்றம் நாயின் மேல் விழுந்தது.

ஏற்கெனவே செருப்புக் கேஸ் வேறு நிலுவையில் இருந்தது. ஜோடியாகத் தூக்கினாலும் பரவாயில்லை, வீட்டுக்கு ஒன்றாகத் தூக்கும். தலைவர் மனு எழுதிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் காலி மனையில் கூட்டம், எல்லாரும் கையெழுத்துப் போட்டதும் திங்கட்கிழமை நகராட்சியில் கொடுத்துவிடுவது என்று வாட்சப் குரூப்பில் அறிவிப்பு வந்தது.

அதைப் படித்ததும் இரண்டு தடவை கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து மனைவியிடம் சொன்னேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "நாயி போச்சுன்னா நானும் அரியலூருக்கு எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். சாவிய கரண்டு பொட்டிக்கு மேல வச்சிருக்கேன்."

சும்மா மிரட்டல் என்று நினைக்க முடியவில்லை. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபிறகு எங்கள் வீட்டில் பேச்சே நின்றுபோயிருந்தது. இரண்டு பேருக்கு எதற்கு என்று இவள் பொரியல் வைப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் அரியலூருக்கு ஒரு கல்யாண பேனர் கட்டப் போன இடத்தில், சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டோரம் இந்தக் குட்டி உட்கார்ந்திருந்தது. வெள்ளை வெளேர் என்று இருந்தது. ராஜபாளையம் ஜாதி என்று மனசுக்குள் விலைகூடப் போட்டுவிட்டேன். வீட்டில் கொண்டுவந்து குளிப்பாட்டினால் வெள்ளையெல்லாம் சாக்கடையில் போய், உள்ளே இருந்து ஒரு செவலை நாய் வந்தது. அன்றைக்கு அவள் சிரித்தது அடுத்த வீட்டுக்குக் கேட்டது. மறுநாளிலிருந்து "ஏய், எறங்கு கட்டில விட்டு", "என் முந்தானைய விடு சனியனே" என்று வீடு பழையபடி சத்தமாக ஆனது. அந்தச் சத்தம் போய்விடக் கூடாது. நான் பயந்தது அதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஆறு மணிக்கு. பிறந்தநாளை ஐந்து மணிக்கு வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"அதுக்குப் பொறந்தநாளு என்னிக்குன்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்றாள்.

"எனக்குப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார் ஜூன் மாசம் போட்டாரு. நான் பொறந்தது ஐப்பசி மழையில. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு, "கெளம்புங்க" என்றாள். "வாட்சப்புல கூப்புட்டா எவ வருவா? நேர்ல போயி குங்குமம் குடுத்துக் கூப்புடணும். குங்குமம் வாங்கிக்கிட்டவ வராம இருக்க மாட்டா."

வீடு வீடாகப் போனோம். விசேஷம் என்றதும் எல்லாரும் வாசலிலேயே மலர்ந்தார்கள். யாருக்கு என்று கேட்டார்கள். நான் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி, "நாய்க்குங்க" என்பேன். மூன்றாவது வீட்டு அம்மா உள்ளே திரும்பி, சோபாவில் படுத்திருந்த வீட்டுக்காரரிடம் சத்தமாகச் சொன்னாள்: "கேட்டுச்சாங்க? நாயிக்குக் கேக்கு வெட்டுறாங்களாம். ஒங்களுக்கு அம்பது முடிஞ்சப்ப ஒரு தேங்கா பன்னாவது வெட்டுனோமா?" அவர் ரிமோட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "நானும் போயி நாலு செருப்பத் தூக்கிட்டு வரேன், அப்பறம் எனக்கும் வெட்டுவாங்க" என்றார்.

தலைவர் வீட்டில் தலைவர் இல்லை. அவர் மனைவி குங்குமம் எடுத்துக்கொண்டார். "நான் வந்துருவேன். அவரைக் கூப்புடுறது ஒங்க சாமர்த்தியம். நாயின்னு நான் வாயெடுத்தா எனக்குத்தான் திட்டு" என்றார். என் சாமர்த்தியம் அப்போது திரும்பவும் கொல்லைப்பக்கம் போகவேண்டியிருந்தது.

இங்கே என் தொழில் புத்தி உள்ளே வந்தது. எங்கள் ஊரில் ஃபிளக்ஸ் இல்லாமல் எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. பூப்புனித நீராட்டுக்கு ஃபிளக்ஸ், புது மோட்டார் சைக்கிளுக்கு ஃபிளக்ஸ், பத்தாவதில் பாஸ் பண்ணினதுக்கு ஃபிளக்ஸ். என் கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது மனைவியின் தம்பி. அவனிடம் சொன்னேன்: "மாப்ள, நடுவுல நம்ம நாயி. கீழ வரிசையா தெருக்காரங்க மொகம், 'வாழ்த்தும் நல்லுள்ளங்கள்'னு போட்டு. எல்லா மொகமும் ஒரே அளவு. ஒருத்தருக்கு ஒரு சென்டிமீட்டர் கூடக் கூடாது. போட்டோவெல்லாம் குரூப்புல இருக்கு, எடுத்துக்க."

"நீங்க போங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்றான். இந்த வார்த்தையைக் கேட்டபிறகு எந்த மாமாவும் போகக் கூடாது. நான் கேக்கு சொல்லப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தால், எங்கள் காம்பவுண்டுச் சுவரில் பேனர் கட்டியாகிவிட்டிருந்தது. நடுவில் நாய், கூலிங் கிளாஸ் போட்டு, கழுத்தில் கம்ப்யூட்டர் தங்கச் சங்கிலியோடு. கீழே வரிசையாகப் பதிமூன்று முகம், ஒரே அளவு. அதுவரை சரி. மேலே இடது மூலையில், நாயின் தலையைவிடப் பெரிதாக, சூரியக்கதிர் வட்டத்துக்குள் தலைவர். பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் 'தலைவரின் ஆசியுடன்'.

பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன். போன் போட்டேன்.

"டேய், யாரு அவரை மேல வைக்கச் சொன்னா?"

"மாமா, மேல மூலையில ஒரு தலைவர் இல்லாம நான் இதுவரைக்கும் டிசைனே போட்டதில்ல. எடம் காலியா இருந்துச்சு, கண்ணு உறுத்துச்சு. நம்ம தெருவுக்குத் தலைவர் அவருதான?"

"அவரு இந்த நாயத் தொரத்த மனு எழுதி வச்சிருக்காருடா!"

"அத நீங்க சொல்லல" என்றான். நியாயமான பதில். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். லுங்கியை மடித்துக் கட்டி ஏறி, முதல் முடிச்சைப் பிரிக்கப் பார்த்தேன். கட்டினவன் தொழில் தெரிந்தவன், ஆடிக்காற்றுக்கும் அவிழாத முடிச்சு. பல்லால் இழுத்தேன். வாயில் கயிறு, கையில் சுவர், ஸ்டூல் ஒரு காலில் ஆடுகிறது. அப்போது பின்னால் தூக்குவாளிச் சத்தம் கேட்டது.

தலைவர் நின்றுகொண்டிருந்தார்.

பேனரைப் பார்த்தார். நான் கயிற்றை வாயிலிருந்து எடுக்கவும் மறந்து அவரைப் பார்த்தேன். பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் மாட்டியவன் எப்படி நிற்பான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இந்தப் போட்டோ எங்க புடிச்சீங்க?"

"குரூப்புல நீங்கதாங்க வச்சிருந்தீங்க..."

"இது எம் மக கல்யாணத்துல எடுத்தது." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "முப்பது வருசம் சர்வீஸ்ல எத்தன பேருக்குப் பேனர் வச்சோம். எனக்கு ரிட்டயர்மெண்டுக்குக்கூட ஒருத்தன் வைக்கல."

"அவுத்துடறேங்க, இந்தா ஒரு நிமிசம்..."

"எதுக்கு அவுக்கறீங்க?" குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அந்த வலது பக்கம் எறங்கியிருக்கு பாருங்க, அத இழுத்துக் கட்டுங்க. நான் சாஞ்ச மாதிரி தெரியிறேன்."

இழுத்துக் கட்டினேன். அவர் கீழே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் போதும்" என்றார். பிறகு தன் போனைக் கொடுத்து, பேனரோடு தன்னை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். நாயும் தெரியட்டுமா என்று கேட்டேன். "தெரியாம எப்புடி எடுப்பீங்க?" என்றார்.

அதற்குப் பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. போட்டோ ஆசை வேறு, வேட்டி மானம் வேறு. நாள் பூராவும் தக்காளி சாத அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் ஆளாக வந்தது தலைவரும் அவர் மனைவியும்தான். கஞ்சி போட்ட வேட்டி. பேனரில் இருந்த அதே சட்டை. அடுத்தடுத்துத் தெருவே வந்துவிட்டது. நான் சமையலை நம்பியிருந்தேன், வந்தவர்கள் யாரும் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் சுவருக்கு முன்னால்தான். "எங்க வூட்டுக்காரரு காது ஏன் வெட்டுப்பட்டிருக்கு?" "என்னைய எதுக்கு மூலையில ஒதுக்கி வச்சிருக்கீங்க, நான் என்ன நேத்தா குடிவந்தேன்?" அரை மணி நேரம் இந்த விசாரணைதான். நாயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கேக்கு வெட்டும்போதுதான் நாய்க்குத் தன் பழைய வேலை ஞாபகம் வந்தது. மனைவியின் பிடியிலிருந்து நழுவி, அத்தனை கால்களையும் விட்டுவிட்டு, நேராகத் தலைவரின் கஞ்சி வேட்டிக்குப் போய் முனையைப் பிடித்தது. கூட்டம் அப்படியே நின்றது. தலைவர் குனிந்து நாயைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், சுவரில் இருந்த தன்னையும் ஒரு தடவை பார்த்தார்.

"விடுங்கய்யா, சின்னப் புள்ள" என்றார். "ஒரு வயசுதான ஆவுது."

என் கையிலிருந்த கேக்குத் துண்டை வாங்கி அவரே நீட்டினார். நாய் வேட்டியை விட்டுவிட்டுக் கேக்கைப் பிடித்தது. கை தட்டினது முதலில் அவர் மனைவி.

ஆறு மணிக்குச் சங்கச் செயலாளர் மனுவை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கீழ் வரிசையில் நான்காவது முகம், செருப்பு போன கோபம் இன்னும் தீராதவர். "தலைவரே, மொதக் கையெழுத்து நீங்கதான் போடணும்."

"அறிவிருக்காய்யா?" என்றார் தலைவர். "காலையில ஆசி குடுத்துட்டு சாயங்காலம் தொரத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டா ஊரு எந்த வாயால சிரிக்கும்? அந்தா, ஒம் மொகமும்தான் வாழ்த்திக்கிட்டு இருக்கு. போயி சாப்புடு."

செயலாளர் மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். காலையில் பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்தில் நாயைக் கட்டிவைக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். என் மனைவி, "இப்பவே சங்கிலி வாங்கிட்டு வாங்க" என்று எல்லார் முன்னாலும் என்னை விரட்டினாள். எனக்கு அது மாலை போட்ட மாதிரி இருந்தது. சங்கிலி வாங்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

தக்காளி சாதத்தில் உப்பு இல்லை என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். மனுவில் ஒரு கையெழுத்தும் விழவில்லை. நாய் எங்கள் வீட்டில் இருக்கிறது.