காப்புக் கட்டிய வாரத்தில் கல்லூரி

இன்ஜினியரிங் சேர்வதற்குள்ளேயே நான் பாதிக் கிழவியாகிவிட்டேன். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக எங்கள் ஊருக்கும் ஆலங்குடி தாலுகா ஆபீஸுக்குமாக வெயிலில் அலைந்த அலைச்சலுக்கே ஒரு பட்டம் தரலாம். இ-சேவை மையத்தில் ஒருநாள் சர்வர் இருக்காது. மறுநாள் ஆள் இருக்கமாட்டார். கவுன்சிலிங்கில் கோயம்புத்தூரில் சீட் கிடைத்தபோது சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பேசாமல் படுத்துத் தூங்கிவிட்டேன்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஹாஸ்டல் கெடைச்சாத்தான் அம்புட்டுத் தூரம் அனுப்புவேன். வெளிய ரூம் எடுத்துத் தங்குற கதையெல்லாம் ஆகாது." அவர் சொன்னால் சொன்னதுதான்.

கல்லூரியில் சேர வேண்டிய நாள் சரியாக ஊர்த் திருவிழாவுக்குள் வந்து விழுந்தது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. எங்கே போனாலும் அன்றே திரும்பிவிட வேண்டும். அதனால் போய்ச் சேர்ந்துவிட்டு உடனே திரும்புவது, திருவிழா முடிந்த பிறகு சாமான்களோடு போவது என்று வீட்டில் முடிவானது. விடியுமுன் கிளம்பி, புதுக்கோட்டை, திருச்சி என்று பஸ் மாறிப் போய் இறங்கியபோது என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அப்பா சான்றிதழ்ப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு வழியெல்லாம் தூங்கி விழுந்தார்.

சேர்க்கை ஒருவழியாக முடிந்தது. ஹாஸ்டல் அலுவலகத்தில் இருந்த பெண்மணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு கட்டில்தானுங்க பாக்கி. இன்னைக்கே தங்கறதுன்னா உண்டு. நாளைக்கு கிளாஸ் ஆரம்பம். விட்டுட்டுப் போனா வேற பொண்ணுக்குக் குடுத்துருவோம்."

வெளியே வந்து அப்பா மரத்தடியில் நின்றார். காப்பை மீறினால் குடும்பத்துக்கே ஆகாது என்று நம்புகிறவர் அவர். இத்தனை அலைந்தும் எல்லாம் போச்சு என்று நினைத்தேன். திடீரென்று அவர் முகம் தெளிந்தது.

"அட, ஒனக்கேது ஆத்தா காப்பு? வரி கட்டுற தலைக்கட்டுக்குத்தான் காப்பு. கோயில் வரி ஆம்பளைகளுக்குத்தானே போடுறாக. ஒன் தம்பியக் கணக்குல சேத்துருக்காக, ஒன்னையச் சேக்கலையே. நீ தாராளமாத் தங்கலாம்."

அப்படியென்றால் காப்புக் கட்டிய நாட்களில் வெளியூரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக்கூட விடாமல் என்னைப் பிடித்து வைத்திருந்தது எதற்கு? வருஷா வருஷம் முளைப்பாரிக்கு மண் சுமந்தவள் நான்தானே? கேட்க வாயெடுத்தேன். கட்டில் போய்விடுமே என்று மூடிக்கொண்டேன்.

எதிர்க்கடையில் வாளி, பாய், சோப்பு எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்பா பஸ்ஸுக்கு ஓடினார். அவருக்கு வரி உண்டு. ராத்திரி அவர் ஊரில் இருந்தாக வேண்டும். நான் அந்தக் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். எதற்காக இவ்வளவு நாள் அலைந்தேனோ அது கிடைத்துவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. எழுந்து முகம் கழுவக்கூட அலுப்பாக இருந்தது.

காலையில் வகுப்புக்குக் கிளம்பும்போது அப்பா போன் செய்தார்.

"நல்லபடியா வந்து சேந்துட்டேன் ஆத்தா. கோயிலுக்கும் போயிட்டு வந்துட்டேன், ஊரே இருந்துச்சு. நீ ஒண்ணுக்கும் பயப்படாத. ஒன்னைய யாருமே கேக்கல."

அவ்வளவு நிம்மதியாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.