மூன்றாம் மாடிக் குளியலறை

மட்டாஞ்சேரியில் இருபது வருடத்தில் எழும்பிய புது வீடுகளில் பாதிக்காவது இசக்கிதுரை தரை போட்டிருப்பார். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் மணல் சுமக்க வந்தவர், நாலைந்து வருடத்தில் டைல்ஸ் மேஸ்திரி ஆகிவிட்டார். வேலையில் சுத்தம் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கடையில் உட்கார்ந்தால்கூடத் தரையை ஒருமுறை முறைத்துவிட்டுத்தான் சாயாவை வாயில் வைப்பார்.

மனைவி செல்வலட்சுமிக்கு இந்தப் பெருமையெல்லாம் செல்லாது. ஊரார் வீட்டுக்குப் பளபளவென்று தரை போடுகிற மனிதர், அவளை ஏழு வாடகை வீடுகளில் குடிவைத்திருந்தார். ஏழிலும் முன்னால் இருந்தவர்களின் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவதுதான் அவளுடைய முதல் வேலை. யாரும் சமைக்காத அடுப்படியில் தானே முதலில் பால் காய்ச்ச வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுடைய ஆசை. வங்கிக் கடன் கிடைக்கும் என்று ஆனதும் அந்த ஆசைக்குக் கால் முளைத்துவிட்டது.

பனயப்பள்ளியில் ஒரு நாலு மாடிக் கட்டடம். மூன்றாம் மாடியில் ஒரு வீடு மட்டும் விற்காமல் இருந்தது. அவளாகவே விசாரித்து, எங்கே என்று சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துப் போனாள். வாசலைப் பார்த்ததும் இசக்கிதுரை தயங்கி நின்றார். அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடி, நாலாம் மாடிக் குளியலறைகள் எல்லாம் அவருடைய கைவேலை.

குளியலறைத் தரைக்குக் கசிவுதடுப்புப் பூச்சு இரண்டு முறை பூச வேண்டும். பிறகு வாசலை அடைத்துத் தண்ணீர் நிறைத்து, இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். கீழே ஈரம் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் டைல்ஸ் ஒட்டுவது முறை. ஓணத்துக்குள் சாவி கொடுத்தாக வேண்டும் என்று சூப்பர்வைசர் கிருஷ்ணபிரசாத் கழுத்தைப் பிடித்ததில், ஒற்றைப் பூச்சோடு அன்றைக்கே ஒட்டி முடித்துவிட்டார் இசக்கிதுரை. எல்லோரும் செய்கிறதுதானே என்று அப்போது மனதைத் தேற்றிக்கொண்டார்.

இப்போது அந்தக் குளியலறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். மேல்தளத்தின் ஒரு மூலையில் மட்டும், முறம் அகலத்துக்கு, புதிதாக வெள்ளையடித்திருந்தது. மேல்வீட்டுத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அடுப்படியில் செல்வலட்சுமி மேடையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் சம்பாதித்த பெயரை, உண்மையைச் சொல்லி, கட்டிய மனைவியிடமே இழக்க யாருக்குத்தான் மனசு வரும்?

அதனால் இல்லாத குறைகளை அடுக்கினார். படி அதிகம், காற்று போதாது, வாசல் திசை சரியில்லை. வாஸ்து என்றால் சிரிக்கிற மனிதர் அன்றைக்கு வாஸ்துவே பேசினார். கடைசியில், சேர்லாயில் ஷாஃபி விற்கிற பழைய ஓட்டு வீட்டைப் பார்ப்போம் என்று அவளை இழுத்துக்கொண்டு போனார்.

ஷாஃபி மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு, ஏலக்காய் வியாபாரி. வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம். வந்தவர்களுக்குச் சாயா கொடுத்தவர், வேறெதையும் காட்டும் முன் பீரோவை நகர்த்தினார். சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புக்கறை.

"விருச்சிக மாசம், அதாவது நம்ம கார்த்திகைல, கடல் பொங்கி வேலியேற்றம் வந்தா கடல்வெள்ளம் இதுவரைக்கும் கேறும், அண்ணாச்சி. மூணு நாள் கட்டில் மேலதான் குடித்தனம். பொறகு எங்கள ஏசக் கூடாது, அதான் முதல்லயே சொல்றேன்."

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் செல்வலட்சுமி அவரை நேராகப் பார்த்தாள்.

"விக்க வந்த மனுசன் குறைய அவராக் காட்டுதாரு. அந்தப் புது வீட்டுல நீங்க என்னத்தையோ மறைக்கீங்க. சொல்லிருங்க."

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எத்தனை குளியலறை என்று மட்டும் கேட்டாள். இரண்டு மாடியிலும் சேர்த்து ஆறு என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் சோற்றுத் தட்டை அவர் முன்னால் ஓசைப்பட வைத்தாள். நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு. பாவம், அவ்வளவு சுலபமாக அவள் விடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் முடிவைச் சொன்னாள்.

"கடல்வெள்ளத்த உங்களால நிறுத்த முடியாது. இந்தக் கசிவ நிறுத்தலாம்லா? புது வீட்டையே வாங்குவோம். ஆனா நம்ம வீடு மட்டும் இல்ல, ஆறையும் ஒடச்சுத் திரும்பப் போடுங்க. அது முடிஞ்சாத்தான் நான் அங்க பால் காய்ச்சுவேன்."

கதவைத் தட்டினால் காறித் துப்புவார்களே என்றார். துப்பினால் துடைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அந்த வாரமே நாலாம் மாடிக்கு ஏறினார். அவர்கள் பார்த்த வீட்டுக்கு நேர்மேலே பர்ஸானா என்ற பாலக்காட்டுப் பெண், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு குடியிருந்தாள். குளியலறை விஷயமாக வந்திருப்பதாக அவர் சொன்னதுமே அவள் முகம் வெளுத்துவிட்டது. நீங்கள் தண்ணீரைக் கண்டபடி ஊற்றுவதால்தான் கீழே ஒழுகுகிறது, வீடு விற்காமல் கிடக்கிறது என்று கட்டடக் கம்பெனிக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்களாம். அன்றிலிருந்து பிள்ளைகளை ஈரத்துணியால்தான் துடைத்துவிடுகிறாளாம். இன்னும் கவனமாக இருக்கிறோம் என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

திட்டு வாங்கத் தயாராக வந்த மனிதர் அவசரமாகக் கையை அசைத்து மறுத்தார்.

"தப்பு உங்க மேல இல்ல, மோளே. அந்தத் தரையைச் சரியாப் போடாதவன் நான்தான். ஒடச்சு நானே போட்டுத் தாரேன்."

பர்ஸானா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப இனிமே பிள்ளைங்கள நல்லாக் குளிக்க விடலாமா?" என்று கேட்டாள்.