திருடன் என்று கத்தக்கூடாத வீடு

பொய் என்கிறவர்கள் நகரியில் அந்த வீட்டில் ஒரே ஒரு ராத்திரி படுத்துவிட்டு வந்து பேசட்டும். நான் சொல்வதில் ஒரு எழுத்துகூடக் கற்பனை இல்லை.

1958, மார்கழி மாதம். நகரி ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று டீக்கடைதோறும் கத்திக்கொண்டிருந்த காலம். வாடகை மலிவு என்று அந்த வீட்டுக்குக் குடிபோனோம். நான், மனைவி செங்கம்மா, பிறந்து ஒரு மாதமான எங்கள் பெண் குழந்தை. சாமான் இறக்கும்போதே எதிர்வீட்டுக் கங்கையா வந்து நின்றார்.

"ராத்திரி ஏதாச்சும் சத்தம் கேட்டா, பூனைன்னு நெனச்சிக்கினு படுத்துக்கோ. திருடன்னு மட்டும் கத்தாத. இந்தத் தெருவுல அந்தப் பேச்சே எடுக்க மாட்டோம்."

"நல்ல தெருய்யா!" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

அன்று ராத்திரி இரண்டேகால் மணி. கதவில் உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. ஆனால் கூடத்தில் யாரோ நடந்தார்கள். மெதுவாக... குதிகாலை ஊன்றாமல்...

கிறீச்... கிறீச்...

குழந்தையின் தூளி ஆடியது.

விளக்கைத் தூண்டினேன். ஒரு கை. அது மட்டும்தான் தெரிந்தது. தூளியைப் பிடித்திருந்தது. விரல்கள் நசுங்கி, திசைக்கொன்றாய்...

ஐயோ, என் பிள்ளை!

"திருடன்! திருடன்! ஓடி வாங்க!"

ஒரு கதவும் திறக்கவில்லை.

தூளி நின்றது. என் காதோரம் ஒரு குரல்...

"கத்தாத, சுந்தரம்மா... நான்தான்."

விளக்கு அணைந்தது.

செங்கம்மா பாய்ந்து குழந்தையை வாரினாள். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

விடிந்ததும் கங்கையாவின் கதவை உதைத்தேன். "பாவிகளா! என் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? தெருவே செத்தா கெடந்தீங்க?"

அவர் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"அது ஏழுமலை வூடு. எல்லைத் தகராறுல போலீசு தேடிச்சின்னு தலைமறைவா இருந்தான். பொறந்த கொழந்தய பாக்க ராத்திரியில செவுரேறி வந்தான். இருட்டுல பொண்டாட்டிக்கே ஆளு தெரியல. திருடன்னு கத்திட்டா. நாங்கதான் தடி எடுத்துக்கினு ஓடினோம். நான்தான், நான்தான்னு சொல்லிக்கினே செத்தான்."

"அவ பேரு?"

"சுந்தரம்மா."

கங்கையா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ கத்தினது எல்லாருக்கும் கேட்டுச்சு. முழிச்சிக்கினுதான் இருந்தோம். அவன இன்னொரு தரம் அடிக்கச் சொல்றியா?"