ஏற்றத்தில் எழுதிய சொல்

மோசல் ஆற்றோரத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறும் தெருவைச் சைக்கிள் பந்தயத்துக்காக மூடியிருக்கிறார்கள். காலையில் இந்த ஏற்றத்தில்தான் என் பழைய சைக்கிளும் நானும் தோற்றோம். இறங்கி உருட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். இனி மீதித் தூரம் ரயிலில் போவதாக எண்ணம்.

தார் முழுக்க வீரர்களின் பெயர்கள். நடுவே சுண்ணக்கட்டியால் தமிழில், 'மிதி ராசா'. எழுதியவர் பக்கத்து விடுதியில் சமைக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. கையெல்லாம் வெள்ளை.

"அக்கா, இஞ்ச இதை ஆர் வாசிக்கிறது?"

"நீர் வாசிச்சனீர்தானே! காலமை நீர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்ததைக் குசினி யன்னலால கண்டனான்."

"ரயிலிலை போறன் அக்கா. ஏலாது."

கூட்டமாக வந்த வீரர்கள் ஒரே இரைச்சலில் கடந்து போகிறார்கள். வெகுநேரம் கழித்துக் கடைசி ஆள் தனியே வருகிறார். பந்தயத்தைப் பாதியில் விட்டவர்களை ஏற்றிக்கொள்ளும் வான் வண்டி அவர் பின்னாலேயே உறுமுகிறது.

"விடாதை! வான் வருது, மிதி ராசா!"

அக்கா கத்த, நானும் கத்துகிறேன். அவர் இறங்காமலே வளைவைத் தாண்டிவிடுகிறார்.

தெருவைத் திறந்துவிடுகிறார்கள். "ஸ்டேஷன் கீழ கிடக்கு, தம்பி," என்று அக்கா சிரிக்கிறார்.

சைக்கிளை மேல்நோக்கித் திருப்பி ஏறுகிறேன். அத்தனை சைக்கிள் சில்லுகள் தேய்த்ததில் 'ராசா' அழிந்துபோயிருக்கிறது. 'மிதி' மட்டும் இருக்கிறது. மிதிக்கிறேன்.