ஜீப்புக்குக் கூட்டிய ஓர் அங்குலம்

எங்கள் ஜீப்பின் எஞ்சின் விசிறிக்கும் நிலத்துக்கும் இடையில் இருபத்திரண்டு அங்குலம் இருந்தது. அளந்தவள் நான். நாலு மாத வயிற்றோடு, தையல் நாடாவைப் பிடித்துக்கொண்டு, திரியாயில் எங்கள் வீட்டு முற்றத்து மணலில் முழங்காலில் நின்றேன். வேலிக்கு அப்பால் போனவர்கள் ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்து நின்று பார்த்தார்கள்.

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் என் மாமனார் வாங்கிய ஜீப் அது. மாமாவுக்குப் பிறகு என் கணவர் அதில் விதைநெல் ஏற்றினார், உரம் ஏற்றினார், திருகோணமலை நகரத்துப் பெண்ணான என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அதுவரை அதன் உயரத்தைப் பற்றி நான் ஒரு குறையும் சொன்னதில்லை.

சொல்ல வைத்தது முந்தைய மார்கழி. எங்கள் ஊரில் இருந்து நகரத்துக்குப் போகும் வழியில் ஒரு தாம்போதி இருந்தது. கோடையில் அது ஓடைக்குக் குறுக்கே ரோட்டாகப் போட்ட வெறும் சீமெந்துக் கட்டு. மாரியில் அதற்கு மேலால் வெள்ளம் பாயும். அந்த மார்கழியில் மூத்தவளுக்குப் பத்து மாதம். காய்ச்சல் கொதித்தது. தாம்போதி வரை போய், விசிறி தண்ணீரை அடித்து எஞ்சின் நின்றுபோக, நாலு பேர் தள்ளித் திரும்பி வந்தோம். நாலு நாள் ரோட்டு மூடியிருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாகவே விட்டது. எனக்குப் பிடித்த பயம்தான் விடவில்லை.

இப்போது இரண்டாவது பிள்ளை தை தொடக்கத்தில் என்று கணக்கு. மார்கழி பிறந்து ஒரு கிழமையில் நகரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது. பிள்ளை அதற்கு முன் வந்தால்? நான் கணக்கெழுத ஒரு கொப்பி வாங்கினேன்.

தாம்போதி ஓரத்து வெள்ளைக் கற்களில் போன மாரியின் சேற்றுக்கோடு காயாமல் கிடந்தது போலத் தெளிவாக இருந்தது. நாடா வைத்தேன். இருபத்தாறு அங்குலம். ஆக, விசிறி அதற்கு ஓர் அங்குலம் மேலே நிற்க, ஜீப் குறைந்தது ஐந்து அங்குலமாவது உயர வேண்டும். அந்தக் கோட்டில் ஒரு சிவப்புச் சீலைத் துண்டைக் கட்டிவிட்டு வந்தேன்.

"உதுக்கேன் இவ்வளவு கணக்கு?" என்றார் கணவர். "நாலு அங்குலம் பெரிய ரயர் போட்டா ஜீப் நாலு அங்குலம் எழும்பும். ஒரு அங்குலம் குறைஞ்சா கடவுள் பாப்பார்."

நான் குசினிக்குள் போய் இரண்டு பானை மூடிகளைக் கொண்டுவந்தேன், ஒன்று சிறிது, ஒன்று பெரிது. மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சக்கரம் போல நிறுத்திப் பிடித்தேன்.

"நடுவில இருக்கிற குமிழைப் பாருங்கோ. அதுதான் அச்சு. மூடி நாலு அங்குலம் பெரிசு. குமிழ் எவ்வளவு எழும்பியிருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இரண்டு," என்றார் கடைசியில். "சரி, மூடியை வையும். சோறு ஆறுது."

அந்த ஐப்பசியில் நகரத்தில் எங்கள் ஜீப்பைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் போனோம். கிண்ணியாக்காரர், அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். புது ரயர் கண்ணால் காணக் கிடைக்காத காலம். அவர் எங்கேயோ தேடி, மேற்பட்டை புதிதாக ஒட்டிய பெரிய ரயர்கள் நாலை எடுத்து வைத்திருந்தார். நான் கொப்பியைத் திறந்தேன்.

"ரயரால இரண்டு அங்குலம். மிச்சம் மூன்றையும் ஸ்பிரிங்கில கூட்ட வேணும் நானா. ஸ்பிரிங்கை உயர்த்தாட்டி, வளைக்கேக்க பெரிய ரயர் மட்காட்டில உரசும், என்ன?"

நானா கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். "தம்பி, நீங்க போய்த் தேத்தண்ணி குடிங்க. நான் தங்கச்சியோட கதைச்சுக்கிறன்."

ஸ்பிரிங்குக்கு மேலதிகமாகத் தகடுகள் வைப்பதாகச் சொன்னார். புகைக்குழாயின் வாயைக் கூரைப் பக்கம் தூக்கிவிடலாம் என்றார். பிரேக் குழாய் இழுபடாமல் நீளமாகப் போடவேண்டும் என்பதை நான் கேட்காமலே சொன்னதால் அவரிடம் எனக்கு மதிப்புக் கூடியது. ஆனால் நான் மூன்று என்பேன், உடனே இரண்டரை என்பேன், பிறகு மூன்றரை. உயர்ந்தால் வளைவில் குடைசாயும். தாழ்ந்தால் தண்ணீரில் நிற்கும். எந்தப் பயம் பெரியது என்று எனக்கே தெரியவில்லை.

"தங்கச்சி, இது ஜீப். சட்டையில்ல, விட்டுத் தைக்கவும் புடிச்சுத் தைக்கவும்."

கணவர் திரும்பி வந்தார். மூன்று என்று மூவருமாக முடிவு செய்தோம். அவர் ரயர்களைத் தட்டிப் பார்க்கப் போன நேரம் பார்த்து நான் குரலைத் தாழ்த்தினேன்.

"நானா, இன்னும் ஒரு அங்குலம் கூட்ட ஏலுமோ? அவருக்குச் சொல்லாதேங்கோ."

"ஏலும். வளைவில மெல்லப் போகச் சொல்லணும்."

"அதை நான் சொல்லுவன்."

"அது எனக்குத் தெரியுமே," என்றார் நானா.

ஜீப் பத்து நாளில் வீடு வந்தது. முற்றத்தில் அது நின்ற நிலையைப் பார்த்தால் எங்களைத் தெரியாதது போல இருந்தது. மாமி வந்து பார்த்தார். "உதுக்கு என்ன, கால் முளைச்சிருக்கே?" என்றார். கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஏறும், ஒரு ஓட்டம் போய் வருவம்."

நான் காலைத் தூக்கினேன். கால் போகவில்லை. கம்பியைப் பிடித்துத் தூக்கினேன். வயிறு இடித்தது. மற்றப் பக்கமாக, பக்கவாட்டாக, கடைசியில் முதுகுப் பக்கமாகவும் முயன்றேன்.

வெள்ளத்தை அளந்தேன், விசிறியை அளந்தேன், மூடிகளை வைத்து அச்சை அளந்தேன். ஆறு மாத வயிற்றோடு என் கால் எவ்வளவு உயரம் எழும்பும் என்று மட்டும் அளக்கவில்லை. யாருக்காக அந்த ஜீப் உயர்ந்ததோ அவள் கீழே நின்றாள்.

"எல்லாம் சரியாத்தான் செய்திருக்கு," என்று கணவர் அன்று முதல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். "அவவின்ர கால்தான் கட்டை." குசினி முக்காலியை வைத்து ஏறப் பழகினேன். கொப்பியில் ஆஸ்பத்திரிச் சாமான்களின் பட்டியலில், பிள்ளைத் துணிக்கும் பிளாஸ்க்குக்கும் நடுவே, 'முக்காலி' என்று எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டேன்.

மார்கழி பிறந்து மூன்றாம் நாளே மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில், முற்றம் வெள்ளமாய்க் கிடக்க, எனக்கு வலி தொடங்கியது. மூத்தவளை மாமி இடுப்பில் வைத்துக்கொண்டார். முக்காலியில் ஏறி நான் ஜீப்பில் உட்கார்ந்தேன். நாடா என் கழுத்தில் தொங்கியது.

"மெல்ல," என்றேன் முதல் வளைவில்.

"மெல்லத்தான் போறன்."

"பெரிய ரயர். முள் முப்பதைக் காட்டினா உண்மையில முப்பத்துநாலு."

"இப்ப பத்தில நிக்குது, அம்மா தாயே!"

தாம்போதிக்கு வந்தோம். சிவப்புச் சீலையைக் காணவில்லை. வெள்ளம் மூடியதா, எப்போதோ அறுத்துக்கொண்டு போனதா தெரியவில்லை. இழுவை இல்லாமல் தண்ணீர் கலங்கி அகலமாய்க் கிடந்தது. எனக்கு அடுத்த வலி வந்து போனது. கணவர் நாடாவை வாங்கி, ஒரு தடியோடு தண்ணீருக்குள் இறங்கி, நடுவரை நடந்தார். குனிந்தார்.

"எவ்வளவு?" என்று கத்தினேன்.

"இருபத்தஞ்சரை!"

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்! இருபத்தஞ்சரை!"

வந்து எஞ்சின் மூடியைத் திறந்து, வயர்களைப் பழைய மழைச்சீலையால் மூடிக் கட்டினார். பிறகு ஏறி, கியரைத் தாழ்த்தி, ஜீப்பைத் தண்ணீருக்குள் விட்டார். என் காலடிப் பலகை நனைந்தது. நடுவில் எஞ்சின் ஒரு தரம் இருமியது. எனக்குத் தெரிந்த கடவுள்கள் எல்லோரையும் கூப்பிட்டேன். நானாவையும் கூப்பிட்டதாகக் கணவர் பிறகு சொன்னார். எஞ்சின் நிற்கவில்லை. சக்கரம் அடுத்த கரைச் சரளைக்கல்லைக் கடித்த சத்தம் கேட்டபோதுதான் மூச்சு விட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கணவர் எனக்குக் கை நீட்டினார். நான் கீழே பார்த்தேன். முக்காலி எங்கள் முற்றத்தில் நின்றது. பட்டியலில் எழுதியிருந்தேன், ஆனால் அதன்மேல் ஏறிய பிறகு எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்று எழுதவில்லை.

தாதி ஒருத்தி வெளியே வந்தாள். "என்ன, பிள்ளையை அங்கேயே பெறப்போறீங்களோ?"

"இறங்க ஏலாமல் இருக்கு," என்றேன்.

"உவ்வளவு உயரத்தில கர்ப்பிணியை ஏத்தின புத்திசாலி ஆர்?"

கணவர் வாயைத் திறக்கும் முன் எனக்கு அடுத்த வலி வந்ததால் அவர் தப்பினார், நானும் தப்பினேன். வாசல் காவலாளியின் கதிரையைக் கொண்டுவந்து வைத்து என்னை இறக்கினார்கள். ஒரு மணித்தியாலத்தில் மகன் பிறந்தான்.

இரண்டாம் நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கணவர் தலையைச் சொறிந்தார். "ஒண்டு சொல்லோணும். கோபிக்கப்படாது. தண்ணி இருபத்தஞ்சரை இல்லை. இருபத்தேழரை."

"விசிறி இருபத்தேழில எண்டு தெரிஞ்சுமோ விட்டனீங்கள்?"

"பெல்ற்றைக் கழட்டிப்போட்டுத்தான் விட்டனான். விசிறி சுத்தேல்லை. உள்ளதைச் சொல்லியிருந்தா நீர் அதிலயே கொப்பியைத் திறந்திருப்பீர். பிள்ளையும் அங்கேயே பிறந்திருக்கும்."

பிறகு நானும் சொன்னேன்: விசிறி இருபத்தேழில் இல்லை, இருபத்தெட்டில். நானாவும் நானும் மட்டும் அறிந்த அந்த ஒரு அங்குலம்.

அவர் யோசித்தார். முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "அப்ப நீர் ஏற ஏலாமப் போனது..."

"ஓம். என்ர கால் கட்டையில்லை. ஊருக்குப் போய் அதைச் சொல்லுங்கோ."

அவர் பைக்குள் கிடந்த நாடாவை எடுத்து, தூங்கிக்கொண்டிருந்த மகனின் தலையில் இருந்து குதிக்கால் வரை பிடித்தார்.

"இருபது அங்குலம்!"

"உண்மையைச் சொல்லுங்கோ."

அவர் மறுபடி குனிந்தார்.

"பத்தொன்பதரை," என்றார்.