அப்பாவும் படித்த நாவல்

ஒரு நாவலைப் படித்துவிட்டு அழுதவர்களை என் கல்லூரித் தோழிகளுக்குத் தெரியும். சாப்பிடாமல் படுத்தவர்களையும் தெரியும். படித்துவிட்டுக் கூடத்து பிளக்கைப் பிடுங்கியவர் என் அம்மா ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அப்போது நான் நாலாம் வகுப்பு. அம்மாவோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கு அதை நினைத்தால் யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று குழப்பமாக இருக்கிறது.

அப்பா பிரான்சில் இருந்தார். எங்கள் முதலியார்பேட்டைத் தெருவில் அது ஒன்றும் அதிசயமில்லை. பாரீசில் எந்த ரயிலில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பது அத்துப்படியாக இருந்த பலருக்கு வில்லியனூர் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை ஆண்ட காலத்தில் கொள்ளுத்தாத்தா வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டு அப்பா போய்விட்டார். எங்களை அழைத்துக்கொள்ளும் வேலை மட்டும் இழுத்துக்கொண்டே போனது. பாரீசுக்கு வெளியே ஒரு பெரிய கடையில் அவருக்கு இரவுக் காவல் உத்தியோகம்.

ஒரு விடுமுறைக்கு வந்தபோது கையோடு ஒரு கேமரா கொண்டுவந்து, டிவிக்கு மேலே இருந்த தட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஆரஞ்சுப் பழ அளவில் வெள்ளை உருண்டை. அங்கிருந்தபடியே எங்களைப் பார்க்கலாம், பேசவும் செய்யலாம். தெருவில் திருட்டுப் பயம் என்று காரணம் சொன்னார். எங்கள் கூடத்தில் திருடுவதற்கு என்ன இருந்தது என்பது அந்தத் திருடனுக்கே வெளிச்சம்.

எனக்கு அந்த உருண்டைதான் அப்பா. பள்ளியிலிருந்து வந்ததும் பையைக் கழற்றாமல் அதன் முன்னால் நிற்பேன். வரைந்த படத்தைக் காட்டுவேன், ஆடிக் காட்டுவேன், விழுந்த பல்லைக் காட்டுவேன். சில நாள் பதில் வராது. சில நாள் திடீரென்று, "பாப்பா, அந்தப் பல்லைக் கூரை மேல போட்டியா இல்லையா?" என்று உருண்டை கேட்கும். ஊரில் எந்தப் பிள்ளைக்கு இப்படிப்பட்ட அப்பா இருந்தார்?

அம்மாவோடும் பேசும். "என்னா இன்னும் சாப்பிடலை?" என்று கேட்கும். "யாரு வந்துட்டுப் போனது?" என்று கேட்கும். "ஃபேன் சும்மா சுத்துது பாரு" என்று நினைவூட்டும். அம்மா பதில் சொல்வாள். முன்பெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தபடி காய் நறுக்கியவள், எப்போது சமையலறைக்குள் போய் நறுக்க ஆரம்பித்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை. சாப்பாடும் அங்கேயே, நின்றபடியே ஆகிவிட்டது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் வாசகர் கூட்டம் நடக்கும். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. அதைத் தொடங்கிய சித்தி, பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற மதாம், மாடியில் குடியிருந்த புதுமணப் பெண்ணான அக்கா, அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் பாலம் தாண்டி வரும் பெரிய மாமா, அம்மா. மாமா எந்தப் புத்தகத்தையும் முடித்ததில்லை. அதனால் அவர்தான் அதிகம் பேசுவார். அம்மா போண்டா போடுவாள்.

அந்த மாதத்துப் புத்தகம் ஒரு பழைய வெளிநாட்டு நாவலின் தமிழாக்கம். கதை என்ன என்று சித்தியைக் கேட்டேன்.

"ஒரு அரசாங்கம் எல்லார் வீட்டுக்குள்ளயும் பாத்துக்கிட்டே இருக்கும். யாரு என்ன பேசறாங்க, என்ன நெனைக்கிறாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கும்."

"நல்லதுதானே சித்தி? தனியா இருக்கறவங்களுக்குத் துணையா இருக்கும்ல?"

சித்தி என்னையும் டிவிக்கு மேலே இருந்த உருண்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நாவலைப் பற்றிய முதல் விமர்சனம் என்னுடையதுதான் என்பதில் எனக்கு இன்றும் சிறிது பெருமை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மாமா வழக்கம்போல முதலில் ஆரம்பித்தார்.

"இதெல்லாம் நம்ம ஊருல நடக்காது. ஒருத்தனைக் கண்காணிக்கணும்னா ரெண்டு பேரை வேலைக்கு வைக்கணும். அந்த ரெண்டு பேரும் டீ குடிக்கப் போயிடுவானுங்க."

சித்தி, நாவலைப் படித்ததிலிருந்து கைபேசியைக் குப்புறப் போட்டுவிட்டுத்தான் தூங்குவதாகச் சொன்னாள். மாடி அக்கா, தனக்கு அதில் எதுவும் புதிதாகத் தெரியவில்லை என்றும் இந்தத் தை மாதம் கல்யாணமானதிலிருந்து மாமியாரிடம் இதையெல்லாம் பார்த்துவிட்டதாகவும் மெல்லிய குரலில் சொன்னாள். மதாம் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல அடி உதையெல்லாம் அப்புறந்தான் வருது, கவனிச்சீங்களா? மொதல்ல வெறுமனே பாக்கறாங்க. அதுலயே மனுஷன் பாதி செத்துடறான்."

அம்மா போண்டாவின் முதல் ஈட்டைத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறை வாசலிலேயே நின்றாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்திருந்தாள்.

"எனக்கு அந்தக் கொடுமையெல்லாம் பயமா இல்ல மதாம்," என்றாள். "பாக்கறவன் கெட்டவனா இருந்தா திட்டலாம், சண்டை போடலாம். நல்லவனா இருந்துட்டா? அன்பா பாத்துக்கிட்டே இருந்தா? அப்ப என்ன பண்றது?"

மதாம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அப்போது டிவிக்கு மேலிருந்து ஒரு ஆண்குரல் கணீரென்று வந்தது.

"அடுப்புல என்னாமோ கருகுது பாரு. பொகை வருது."

மாடி அக்கா "ஐயோ மாதாவே!" என்று அலறி மதாமைக் கட்டிக்கொண்டாள். மாமாதான் எல்லோரையும் மிஞ்சினார். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் அவர். காப்பி தம்ளரோடு விறைப்பாக எழுந்து நின்று, உருண்டையைப் பார்த்து, "ஆமாங்க சார், இதோ அணைக்கச் சொல்றேங்க" என்றார். சொந்தத் தங்கை புருஷனை சார் என்று அழைத்த ஒரே மச்சான் அவராகத்தான் இருப்பார்.

சித்தி அடுப்பை அணைக்க ஓடினாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். உருண்டைக்குள்ளிருந்து அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏங்க, எவ்ளோ நேரமா இருக்கீங்க?"

"நீ போண்டாவுக்கு மாவு கரைக்கறப்பவே வந்துட்டேன். எழுந்ததும் வீட்டைத்தானே பாப்பேன்?"

அம்மா நேராக நடந்து வந்தாள். உருண்டை இருந்த தட்டுக்குக் கீழே கையை விட்டு பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு போண்டாவை எல்லோருக்கும் எடுத்து வைத்தாள். கருகினதைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

நான் கத்தி அழுதேன். அப்பாவை வீட்டை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. "அந்த அரசாங்கம் அப்பா இல்ல!" என்று அவள் முதுகில் குத்தினேன். அம்மா தடுக்கவில்லை. கைபேசியில் பேசலாமே என்றார்கள். கைபேசி வேறு, உருண்டை வேறு. பள்ளி விட்டு வந்ததும் அந்தக் குருட்டு உருண்டைக்கு முன்னால் நின்று, ஓவியப் போட்டியில் பரிசாக வாங்கிய டிபன் பாக்ஸைக் காட்டினேன். பதில் வரவில்லை. இனி ஒருபோதும் வராது என்று நினைத்தேன்.

அப்பாவும் அம்மாவும் கைபேசியில் பேசுவது சுருங்கிப்போனது. காசு வந்ததா, வந்தது, பாப்பாவுக்குச் சளி எப்படி, தேவலை. ஒருநாள் அம்மா நடுவில் நிறுத்திவிட்டு, "அந்தப் புத்தகம் அங்கயும் கெடைக்கும். படிங்க. படிச்சப்புறம் நாம பேசலாம்," என்றாள். அப்பா புத்தகம் படிப்பவரல்ல. அவர் படித்தெல்லாம் முடிக்க மாட்டார், உருண்டை கதை அவ்வளவுதான் என்று முடிவு செய்து, அன்றிரவு சோற்றைத் தள்ளிவிட்டேன்.

ஆனால் படித்தார். அங்கே ஊர் நூலகத்தில் பிரெஞ்சில் எடுத்து, வேலைக்குக் கொண்டுபோய், கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தார். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கைபேசியில் வந்தார். மதாம் அவரைச் சொம்பில் சாய்த்து வைத்து, பிரெஞ்சு வகுப்பில் மாணவனைக் கூப்பிடுவதுபோல, "ம், நீங்க சொல்லுங்க முசியே," என்றார்.

அப்பா தொண்டையைச் செருமினார். சிரிக்க வைப்பார் என்று எதிர்பார்த்தோம்.

"எனக்குக் கதையில வர்ற யாரைப் பாத்தும் பயம் வரலைங்க. பாத்துக்கிட்டே உக்காந்திருக்கானே ஒருத்தன், திரைக்கு அந்தப் பக்கம், அவனைப் பத்தி யாரும் எழுதலையேன்னு இருந்துச்சு. அது என் வேலைங்க. சொவரு பூரா திரை. எவன் எதை எடுத்துப் பையில போடறான்னு பாக்கணும். விடிய விடியப் பாத்தாலும் ஒருத்தரும் திரும்பி என்னைப் பாத்துச் சிரிக்கமாட்டாங்க. ரூமுக்கு வந்தா வீட்டைப் பாப்பேன். அங்கதான் பாப்பா என்னைப் பாத்துச் சிரிக்கும்." குரலைத் தணித்துக்கொண்டார். "பாத்துப் பாத்துப் பழகிடுச்சு. உள்ள வர்றதுக்கு மின்னாடி தட்டணும்னு தோணவே இல்ல."

மாமா தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் அழுகிறாளா என்று பார்க்க நான் குனிந்தபோது, சித்தி என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அம்மா பிளக்கைச் செருகினாள். ஆனால் உருண்டை உடனே பேசவில்லை. முதலில் அம்மாவின் கைபேசி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. நான் எடுக்க ஓடினேன். "எடுக்காத, அது அப்பா தட்றாரு," என்றாள் அம்மா. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து முகம் கழுவினாள். கண்ணாடி முன் நின்று தலையை வாரினாள். ஃபிரிட்ஜிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் முறத்தையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு வந்து, எத்தனையோ மாதம் கழித்து, கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள்.

விடுதியில் இருக்கும் எனக்கும் அப்பா இன்றுவரை ஒருமுறை அடித்துவிட்டு, நான் கூப்பிடும் வரை காத்திருக்கிறார். அந்த ஒற்றை மணிச் சத்தத்துக்காக முகம் தெரியாத அந்த நாவலாசிரியருக்கும், பிளக்கைப் பிடுங்கிய கைக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமை இழந்து நின்றேன். அப்பா எப்போதும் இருந்த இடத்தில்தானே இருக்கிறார், யாரோ புதிதாக வீட்டுக்கு வருவதுபோல இந்த அம்மா எதற்குப் பூ வைத்துக்கொள்கிறாள் என்று எனக்கு ஒரே எரிச்சலாக வந்தது.